தொட்டுப் பார்! திருகிப் பார்!

முத்து எப்படி உண்டாகிறது?

முத்து நகரமாம் தூத்துக்குடியில் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "சுவாதி நட்சத்திரத்தில் மழை பெய்யும். சிப்பி வாய் திறக்கும். துளி உள்ளே விழும். அதுதான் முத்து" என்பார். கேட்க இனிமையான கதை!

ஆனால், முத்துச்சிப்பி வாழ்வது கடலின் அடியில். பத்து மீட்டருக்கும் கீழே! அங்கே மழைத்துளி எப்படிப் போய்ச் சேரும்?

ஏன்? எப்படி? இப்படிக் கேட்பதுதான் விஞ்ஞானத்தின் முதல் படி. அப்படிக் கேட்கக் கற்றுக் கொடுக்கும் இடம்தான் விஞ்ஞானக் காட்சி சாலை.

செத்த காலேஜ்

சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். "செத்த காலேஜ்"! மிருகக்காட்சி சாலைக்கு "உயிர் காலேஜ்" என்று பெயர்.

பழம்பொருள் காட்சி சாலையில் பொருளைப் பார்க்கலாம், தொடக்கூடாது. அது நியாயமே. பழம்பொருள் உடைந்தால் மறுபடி கிடைக்குமா?

ஆனால், எந்திரத்தைப் பார்த்தால் மட்டும் போதுமா? அது ஓட வேண்டாமா?

ஜெர்மனியில் ஆஸ்கர் வான் மில்லர் என்ற எஞ்சினீயர் இருந்தார். 1903-ம் ஆண்டு மூனிக் நகரில் அவர் ஒரு காட்சி சாலையைத் தொடங்கினார். அங்கே, பார்க்க வருபவரே பொத்தானை அழுத்தலாம். கைப்பிடியைச் சுழற்றலாம். எந்திரம் ஓடும்! "தொடாதே" என்பது போய், "தொட்டுப் பார்" என்பது வந்தது.

பஸ்ஸில் வந்த விஞ்ஞானம்

இந்தியாவில் இந்த வழியைக் காட்டியது கல்கத்தா. பிர்லா தொழில், தொழில்நுட்பக் காட்சி சாலை 1959-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி அங்கே திறக்கப்பட்டது. பிறகு பெங்களூரில், பெரும் எஞ்சினீயர் விசுவேசுவரய்யாவின் பெயரால் ஒன்று எழுந்தது.

பட்டணத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள்?

1965-ம் ஆண்டு கல்கத்தா காட்சி சாலை ஒரு காரியம் செய்தது. காட்சிப் பொருள்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. வர முடியாதவர்களைத் தேடிக் காட்சி சாலையே போயிற்று!

அடுத்து, மாவட்டம்தோறும் மையம் என்ற எண்ணம் வளர்ந்தது. 1987-ம் ஆண்டு திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் வந்தது. நெல்லையிலிருந்து தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது அதற்கு முந்திய ஆண்டுதான். மாவட்டம் பிரிந்தாலும் மையம் தூரத்தில் இல்லை. தூத்துக்குடியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம்.

குளியாளும் விஞ்ஞானமும்

"எங்கள் பிழைப்பு கடலில். விஞ்ஞானம் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கலாம். முத்துக்குளிப்பே விஞ்ஞானம்தான்!

அந்தக் காலத்தில் குளியாள் கல்லில் கால் வைத்துக் கடலில் இறங்குவார். கல் ஏன்? மூச்சை அடக்குவது சொற்ப நேரம். அதற்குள் அடியைத் தொட வேண்டும். நீந்திப் போனால் பாதி மூச்சு வழியிலேயே செலவாகிவிடும். தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அந்தக் கயிற்றில்தான் குளியாளின் உயிர் இருந்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணியுங்கள். அதைக் கவிழ்த்து, சாயாமல், வாளித் தண்ணீரில் நேராக அமுக்குங்கள். நேராகவே வெளியே எடுங்கள். காகிதம் நனைந்திருக்காது! உள்ளே இருக்கும் காற்று தண்ணீரைத் தடுக்கிறது.

அதே டம்ளரைக் கடலில் பத்து மீட்டர் ஆழத்துக்குக் கொண்டு போனால்? பாதி டம்ளருக்குத் தண்ணீர் ஏறிவிடும். கடலின் பாரம் காற்றை நசுக்கிப் பாதியாக்கிவிடுகிறது. குளியாளின் நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சுக்கும் இதே கதிதான். அவர் காதில் வலி எடுப்பதும் அந்தப் பாரத்தால்தான்.

கேள்வி கொடுத்த முத்து

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ம் ஆண்டு. பிறகு நடக்கவில்லை. முத்து நகரில் முத்து இல்லையா?

விஞ்ஞானிகள் சிப்பியை ஆராய்ந்தார்கள். வேற்றுப் பொருள் ஏதாவது உள்ளே புகுந்து உறுத்தினால் சிப்பி என்ன செய்கிறது? தன் ஓட்டின் உட்புறத்தைப் பூசும் அதே பளபளப்பை, அதன்மேல் படலம் படலமாகப் பூசுகிறது. அதுவே முத்து!

அப்படியானால், நாமே ஒரு மணியை உள்ளே வைத்தால்? மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைச் செய்தார்கள். 1973-ம் ஆண்டு, இதே தூத்துக்குடியில், வளர்ப்பு முத்து கிடைத்தது.

மழைத்துளிக் கதையோடு நின்றிருந்தால் அந்த முத்து கிடைத்திருக்குமா?

தாய்மார்களே! தந்தைமார்களே! குழந்தை "ஏன்?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று வாயை அடைக்காதீர்கள். பதில் தெரியாதது குற்றம் அல்ல. "எனக்கும் தெரியாது. வா, போய்ப் பார்ப்போம்" என்று கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

தாத்தா மூச்சை அடக்கிக் கடலில் முத்து எடுத்தார். பேரன் வாய் திறந்து கேட்கட்டும். அவனுக்கும் முத்து கிடைக்கும்!