மருந்தும் மருந்தும் சந்தித்தால்

மேலூருக்கு அருகேயுள்ள கிராமமொன்றிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன், சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த அவன் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் நன்றாகத் தேறி வந்த பையனுக்குத் திடீரென்று காய்ச்சல், வாயெல்லாம் புண். மதுரை மருத்துவமனைக்கு நானும் உடன் போனேன். இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. நோய் திரும்பிவிட்டதோ என்று தாயார் கலங்கிப்போனார். டாக்டர் அம்மையார் கேட்டதோ வேறு: "வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வந்தீங்களா?"

மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்தார்கள். அதில் அல்லோபியூரினால் அட்டை ஒன்று கிடந்தது. சிகிச்சையின் முதல் வாரங்களில் புற்றணுக்கள் கூட்டங்கூட்டமாக மடியும்போது யூரிக் அமிலம் பெருகும். அதைத் தடுக்கத் தந்த மாத்திரை. மீந்திருந்தது. பையன் கால் வலிக்கிறது என்றதும், "இது மூட்டுவலி மாத்திரைதானே" என்று உறவினர் ஒருவர் சொல்ல, இரண்டு வாரமாகக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் பையன் இரவுதோறும் மெர்காப்டோபியூரினும் விழுங்கிக்கொண்டிருந்தான்!

கடைமடை என்றால் என்ன என்று மேலூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதகில் திறந்த நீர் முழுவதுமா வயலுக்கு வருகிறது? வழியிலேயே பெரும்பகுதி போய்விடும். மெர்காப்டோபியூரினும் அப்படித்தான். குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சாந்தீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்துவிடுவதால், விழுங்கியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இரத்தத்தை எட்டுவதில்லை. அந்த இழப்பையும் கணக்கிட்டே மருத்துவர் அளவு குறிக்கிறார். அல்லோபியூரினால் இந்த நொதியை முடக்கிவிடும். மதகு மாறவில்லை; வழிக்கசிவு மட்டும் அடைபட்டுவிட்டது. கடைமடை மூழ்காதா? இரத்தத்தில் மருந்து ஏறத்தாழ ஐந்து மடங்காகி, எலும்பு மஜ்ஜையை ஒடுக்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தே தரவேண்டியிருந்தால், மெர்காப்டோபியூரின் அளவை மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு மருந்துகளும் ஒரே ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் உருவாக்கியவை. 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள். மெர்காப்டோபியூரின் சிதையாமல் காக்கத்தான் அல்லோபியூரினாலையே முதலில் சோதித்தார்கள்!

சரி, ஒரே மருந்தோடு நிறுத்தினால் என்ன? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு தயாரித்தளித்த அமினோப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948-இல் அறிவித்தார். ஆனால் தணிவு நிலைக்கவில்லை. தப்பிய அணுக்கள் மீண்டும் பெருகின. 1960-களின் தொடக்கத்தில் நான்கு மருந்துகளை ஒருசேரக் கொடுத்துப் பார்த்த பிறகே முழுக்குணம் என்ற பேச்சு எழுந்தது. அவற்றுள் ஒன்றான வின்கிரிஸ்டின், உங்கள் ஊர்ச் சாலையோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. ஆகவே "பச்சிலைக் கஷாயந்தானே, என்ன செய்துவிடும்?" என்று மருத்துவரிடம் சொல்லாமல் குடிப்பவர்களைக் கண்டால் எனக்குத் திக்கென்கிறது. சாதாரண வலி மாத்திரைகளிலும் சில, மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியே வெளியேறுவதைத் தாமதப்படுத்தக் கூடியவை.

இரண்டு மாத்திரைகளையும் டாக்டர் நிறுத்தினார். மூன்றாவது வாரம் வெள்ளணுக்கள் ஏறின; மெர்காப்டோபியூரின் மீண்டும் தொடங்கியது. என் மாணவன் ஆய்வுக்கூடக் குறிப்பேடு ஒன்றில் கட்டம் போட்டு, தம்பியின் மாத்திரைகளை நாள்வாரியாக எழுதி வைத்தான். வாரம் ஒரே முறை போடும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு மட்டும் சிவப்பு மை.