பனிக்காலத்து விருந்தினர்

டிசம்பரில் ஐரோப்பா குளிரில் நடுங்குகையில், கெடாவின் லங்காவித் தீவில் வெயில் அடிக்கிறது. அதே மாதத்தில் வடகிழக்குப் பருவக்காற்று திரெங்கானுவில் அடைமழையைக் கொட்டுகிறது. அங்குள்ள பெர்ஹெந்தியான் தீவில் தங்கும் விடுதிகள் பலவும் மூடப்படுகின்றன. தீபகற்பத்தின் மலைத்தொடர்கள் அம்மழையைப் பெரும்பாலும் மறித்துவிடுவதால், மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள லங்காவிக்கு அது வறண்ட காலம். குளிருக்கு அஞ்சிய வெளிநாட்டினர் பந்தாய் செனாங் கடற்கரை விடுதிகளைத் தேடி வருகின்றனர்.

அறையைத் துப்புரவு செய்பவர், படகோட்டி, குவா பட்டணத்துக் கடைக்காரர் எனப் பலரின் பிழைப்பும் சுற்றுப்பயணிகளை நம்பியே உள்ளது. 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டன, விடுதிகள் வெறிச்சோடின. 2021 செப்டம்பர் 16இல் உள்நாட்டுப் பயணிகளுக்காக லங்காவி மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு அது மழைக்காலம்தான். ஆயினும் மக்கள் வந்தனர்.