தளர்ந்த கால்களும் தோளிற் கிடந்த துணியும்

சில ஆண்டுகளுக்கு முன் எமது கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியன்று, நாம் பொறுப்பாயிருந்த இல்லத்து மாணவன் ஒருவன் 1500 மீற்றர் ஓட்டத்தில் இரண்டாமிடம் பெற்றான். வெயில் சாயுமுன் அஞ்சல் ஓட்டம் வந்தது. இறுதிக் கட்டத்தை ஓட அவனையே அனுப்பினோம். கோல் அவன் கைக்கு வந்தபோது எமது இல்லம் முதலாவதாய் நின்றது. அவன் கோட்டைக் கடந்தபோது நான்காவதாய் நின்றது. அவன் நேரே எம்மிடம் வந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர், கால் கேட்கேல்லை" என்று சொல்லி அழுதான்.

தவறியவை அவனுடைய கால்களா, அனுப்பிய நாமா என்னும் கேள்வி அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. அக்கேள்வியே பின்னர் யப்பான் தேசத்து மலைப்பாதை அஞ்சல் ஓட்டம் ஒன்றைப்பற்றித் தேடிப் படிக்க எம்மைத் தூண்டிற்று.

அதன் பெயர் ஹக்கோனே எக்கிடென். முற்காலத்தில் அரச செய்திகளைச் சாவடிக்குச் சாவடி குதிரை மாற்றிக் கொண்டுசென்ற முறைக்கு வழங்கிய சொல்லே எக்கிடென் என்பது. ஆண்டுதோறும் ஜனவரி 2ஆம், 3ஆம் நாட்களில் பல்கலைக்கழக மாணவர்கள் ரோக்கியோ நகரிலிருந்து ஹக்கோனே மலையிலுள்ள ஆஷி ஏரிவரை ஓடி, மறுநாள் திரும்புகின்றனர். குழுவுக்குப் பத்துப் பேர். மொத்தத் தூரம் 217.1 கிலோமீற்றர். ஒவ்வொருவர் பங்கிற்கும் 20 கிலோமீற்றருக்கு மேல் வருகின்றது. அவர்கள் கையிற் கோல் ஏந்துவதில்லை. தம் பல்கலைக்கழகத்தின் நிறம்பொருந்திய துணிப்பட்டி ஒன்றைத் தோளின் குறுக்கே அணிந்தோடி, அடுத்தவனுக்குக் கழற்றிக் கொடுக்கின்றனர். தசுக்கி எனப்படும் அப்பட்டி கைமாறுந்தோறும் முன் ஓடியவர்களின் வியர்வையால் நனைந்து கனத்துச் செல்லும்.

ஐந்தாங் கட்டமே இவற்றுள் மிகக் கொடியது. கடலோரத்து ஒடவாரா நகரிலிருந்து, 874 மீற்றர் உயரம்வரை ஏறி வளைந்து வளைந்து செல்லும் மலைவழியில் 20.8 கிலோமீற்றர் ஓடவேண்டும். உச்சியிற் குளிர்காற்று வியர்வையை உறையச் செய்யும். மறுநாட் காலை வேறொருவன் அதே வழியால் இறங்குவான். இறக்கம் எளிதென்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை உயர்த்துகின்றது. இறங்கும்போதோ, அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்கவேண்டியிருக்கின்றது. இவ்வாறு இழுபடுகையில் தசைநார்களில் நுண்ணிய கிழிவுகள் உண்டாகும். ஓரிரு நாட்களின் பின்னரே அவற்றின் வலி உச்சம் பெறும். தசையிற் சேமித்துள்ள மாச்சத்தும் நெடுந்தூர ஓட்டத்தில் வற்றிப்போகும். அது வற்றியபின் மனவுறுதி மட்டும் கால்களை நெடுந்தூரம் கொண்டுசெல்வதில்லை. "கால் கேட்கேல்லை" என்று எமது மாணவன் கூறியது சாக்கன்று; உடலியல் உண்மை.

இவ்வோட்டத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் கனக்குரி ஷிசோ. அவரே ஒருகாலத்தில் கால்கள் தளர்ந்து வீழ்ந்தவர் என்பதை அறிந்தபோது வியந்தோம். 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில் யப்பானின் சார்பில் மரதன் ஓடினார் அவர். அன்று கடும் வெப்பம். ஓடத் தொடங்கியோரிற் பாதியளவினரே ஓட்டத்தை முடித்தனர். போர்த்துக்கல் வீரர் ஒருவர் மறுநாள் உயிர் நீத்தார். கனக்குரியும் நடுவழியில் மயங்கி, வழியோரத்துக் குடும்பம் ஒன்றினால் ஆதரிக்கப்பட்டார். தோல்வியின் வேதனையுடன் நாடு திரும்பிய அவர், தம் நாட்டில் நெடுந்தூர ஓட்டவீரர் பலரை உருவாக்குவதே அதற்குப் பரிகாரம் எனக் கருதினார். 1920ஆம் ஆண்டு நான்கு கல்லூரிகளுடன் முதலாவது ஹக்கோனே ஓட்டம் நடைபெற்றது. அதில் வென்றது, கனக்குரி தாம் கற்ற ரோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரி. 1967ஆம் ஆண்டு சுவீடன் நாட்டினர் அவரை மீண்டும் அழைத்து, 75 வயதில் மரதனின் முடிவுக்கோட்டைக் கடக்கச் செய்தனர். 54 ஆண்டுகளும் எட்டு மாதங்களும் சொச்சமும் அவர் எடுத்த நேரமென அறிவிக்கப்பட்டது. அன்று நில்லாது ஓடியிருப்பின், அந்தப் போர்த்துக்கல் வீரரின் கதியே அவருக்கும் நேர்ந்திருக்கக் கூடும்.

தோளிற் கிடக்கும் துணிக்கு இருமுகம் உண்டு. தனக்காக ஓடுபவன் களைத்தால் நின்றுவிடலாம். ஒன்பது பேருக்காக ஓடுபவன் நிற்க நாணுகின்றான். அந்நாணமே தளர்ந்த கால்களுக்கு வலுவூட்டுகின்றது. அதுவே எல்லை கடந்தால் உயிருக்கு உலை வைக்கின்றது. இதனால், பின்னே வாகனத்தில் வரும் பயிற்சியாளர், மாணவன் தள்ளாடுவதைக் கண்டால் இறங்கிச்சென்று அவனைத் தாங்கி நிறுத்தலாம். அக்கணமே அக்குழு போட்டியிலிருந்து விலகியதாகும். மாணவன் தானாக நிற்கமாட்டான் என்பதை அறிந்து, நிறுத்தும் பொறுப்பை மூத்தவர் கையிற் கொடுத்திருக்கின்றனர். 2008ஆம் ஆண்டு மட்டும் மூன்று பல்கலைக்கழகங்கள் இவ்வாறு இடைவழியில் விலக நேர்ந்தது. அவற்றுள் ஒன்று, ஐந்தாங் கட்டத்தில் மலையேறியவன் வீழ்ந்ததனால் முதல் நாளே போட்டியை இழந்தது. ஆயினும் மறுநாட் காலை அதன் எஞ்சிய ஐவரும், தம் ஓட்டம் கணக்கில் வராதென அறிந்தும், தத்தம் கட்டத்தை முறையாக ஓடினர். வீழ்ந்த தோழனுக்கு அவர்கள் சொல்லக்கூடிய ஆறுதல் இதனினும் பெரிதொன்று உண்டோ?

இவற்றைப் படித்தபின் எமது தவறு எமக்குத் தெளிவாயிற்று. இறுதிக் கட்டத்திற்கு யாரை அனுப்புவதென்று முடிவுசெய்தபோது, வெற்றியை எண்ணினோம். அவனுடைய கால்களை எண்ணவில்லை. அவனோ, ஆசிரியர் சொல்லை மறுக்க அஞ்சிக் கோலை வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஆண்டும் அவன் 1500 மீற்றர் ஓடினான். அஞ்சல் ஓட்டத்திற்குமுன் அவனை அழைத்து, "தம்பி, உன் கால்கள் எப்படி?" என்று வினவினோம். சற்றுத் தயங்கி, "களைச்சுப்போச்சு சேர். மற்றவன் ஓடட்டும்" என்றான். பிறகு கோட்டருகே நின்று, தன் இடத்தில் ஓடியவனின் பெயரைக் குரல் கம்மும்வரை கூவினான். எமது இல்லம் மூன்றாமிடம் பெற்றது. ஓடியவனும் ஓடாதவனும் தோளிற் கைபோட்டபடி எம்மிடம் வந்தனர்; இருவர் கண்ணிலும் நீரில்லை.