அடுத்த தலைவர் யார்? கணிப்புச் சந்தையும் மார்க்கத்தின் அளவுகோலும்

1969 பிப்ரவரி 3 அன்று முதலமைச்சர் அண்ணா மறைந்தார். நாவலர் நெடுஞ்செழியன் தற்காலிக முதலமைச்சரானார். 'அடுத்து யார்?' என்ற கேள்விக்கு ஒரு வாரத்தில் விடை கிடைத்தது. பிப்ரவரி 10 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றவர் நம் சைதாப்பேட்டைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கலைஞர் கருணாநிதி. இப்படிப்பட்ட நாட்களில் டீக்கடைகளில் ஆளுக்கொரு பெயரைச் சொல்வது நம் ஊர் வழக்கம். சொன்னது பலிக்காவிட்டால் யாருக்கும் காசு நஷ்டமில்லை.

இன்று அதே கேள்வி விலைச்சீட்டோடு கைப்பேசிக்கு வருகிறது. இதற்குக் 'கணிப்புச் சந்தை' என்று பெயர். நம் நாட்டுச் செயலிகள் இதை 'ஒப்பீனியன் டிரேடிங்' என்று அழைத்தன. பெயரில் 'சந்தை' இருப்பதால் இதுவும் ஒரு வியாபாரம்தானே என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நாம் தெளிவான பதில் சொல்ல வேண்டும்.

எப்படி நடக்கிறது?

'இந்த ஆண்டு முடிவதற்குள் இன்ன நாட்டின் பிரதமர் பதவி விலகுவாரா?' என்று ஒரு கேள்வி இருக்கும். 'ஆம்' என்பதற்கு விலை ஆறரை ரூபாய், 'இல்லை' என்பதற்கு மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரதமர் விலகினால் 'ஆம்' வாங்கியவருக்குப் பத்து ரூபாய் கிடைக்கும். 'இல்லை' வாங்கியவரின் பணம் போய்விடும். நம்புகிறவர்கள் கூடினால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். ஆறரை ரூபாய் என்றால் 'நடப்பதற்கு 65 சதவீத வாய்ப்பு' என்று அதை வாசிக்கிறார்கள்.

இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். வாயால் பேசுபவன் எதையும் சொல்வான், கைக்காசைப் போடுபவன் யோசித்துத்தான் போடுவான். பல பேரிடம் சிதறிக் கிடக்கும் செய்திகள் இப்படி ஒரே விலையில் வந்து சேர்கின்றன என்பது அவர்களின் வாதம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988 அதிபர் தேர்தலிலிருந்தே சிறு தொகைகளைக் கொண்டு இதை ஆய்வாக நடத்தியது. 2024 ஜூனில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் பைடன் தடுமாறியதும், அவர் போட்டியிலிருந்து விலகுவார் என்பதற்கான விலை ஏறியது. ஜூலை 21 அன்று அவர் விலகவும் செய்தார். ஆக, இதில் கணிப்பே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

மூடிய கதவின் முன்னால்

ஆனால் பொதுத்தேர்தல் வேறு, தலைமை கைமாறுவது வேறு. தேர்தலில் கோடிக்கணக்கானோர் முடிவு செய்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் ஓரளவு தெரிந்துவிடும். தலைமை மாற்றத்தையோ பெரும்பாலும் ஓர் அறைக்குள் சிலர் முடிவு செய்கிறார்கள்.

2025 மே மாதம் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடியபோது, சந்தைகளில் முன்னணியில் இருந்தவர் பரோலின். மே 8 அன்று தேர்வானவர் பிரிவோஸ்ட், இன்றைய பதினான்காம் லியோ. அவருக்குச் சந்தை தந்திருந்த வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று, இரண்டு அளவுதான். இந்தப் பந்தயம் புதிதுமல்ல. போப் தேர்தல் மீது ரோம் நகரில் நடந்த பந்தயத்தை 1591-லேயே பதினான்காம் கிரகோரி என்ற போப் தடை செய்தார்.

நம் மாநிலத்தில் நடந்ததை நாமே பார்த்தோம். ஜெயலலிதா மறைந்தது 2016 டிசம்பர் 5. ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். 2017 பிப்ரவரி 5 அன்று சட்டமன்றக் கட்சித் தலைவராக சசிகலா தேர்வானார். பன்னீர்செல்வம் ராஜினாமா செய்தார். 14-ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சசிகலாவைச் சிறைக்கு அனுப்பியது. 16-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வரானார். பன்னிரண்டு நாட்களுக்குள் எத்தனை திருப்பங்கள்! வெளியே நின்றவனின் பந்தயப் பணம் அந்த நாட்களில் என்ன ஆகியிருக்கும்?

உள்ளே இருப்பவனுக்கோ அது லாபம். 2026 ஜனவரி 3 அன்று வெனிசுலா அதிபர் மதுரோவை அமெரிக்கப் படையினர் பிடித்துச் சென்றனர். அதற்குச் சற்று முன்பு, அவர் பதவியிழப்பார் என்று 'பாலிமார்க்கெட்' தளத்தில் பணம் போட்ட ஒரு புதிய கணக்கு நான்கு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. முன்கூட்டியே செய்தி தெரிந்தவரின் வேலையா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. சந்தை சரியாகக் கணிக்க வேண்டுமானால் உள்விவரம் அறிந்தவர் அதில் இறங்க வேண்டும். அவர் இறங்கினால் அறியாதவரின் பணம் அவருக்குப் போகும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

குர்ஆன் 'மைஸிர்' என்று சொல்லும் சூதாட்டத்தை 5:90-ஆம் வசனம் முற்றாகத் தடுக்கிறது. 2:219-ஆம் வசனம் அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. பாவமே பெரிது என்கிறது. கணிப்புச் சந்தையால் தகவல் கிடைக்கிறது என்ற வாதத்துக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

'இது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை, திறமை' என்பது அடுத்த வாதம். நமக்குப் பக்கத்திலுள்ள கிண்டி குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில், அது திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் அளவுகோல் அது. மார்க்கச் சட்டம் பணம் எப்படிக் கைமாறுகிறது என்றும் பார்க்கிறது. வியாபாரத்தில் பொருளோ உழைப்போ கைமாறுகிறது. பங்கு வாங்கினால் ஒரு நிறுவனத்தில் உடைமை கிடைக்கிறது. இங்கே வாங்கியவனிடம் எந்த உடைமையும் இல்லை. ஒருவன் தோற்றால்தான் இன்னொருவனுக்கு வரும்.

இதற்கு நம் வரலாற்றில் வியக்கத்தக்க முன்னுதாரணம் உண்டு. பாரசீகர்களிடம் தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வார்கள் என்று சூரத்துர் ரூம் முன்னறிவித்தது. அதை நம்பிய அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்காவின் இணைவைப்பாளர்களிடம் பந்தயம் கட்டினார்கள். திர்மிதியில் வரும் ஓர் அறிவிப்பின்படி, ஆறு ஆண்டு தவணை வைத்தார்கள். அது கடந்துவிட்டதால் எதிரிகள் பந்தயப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். ஏழாம் ஆண்டில் ரோமர்கள் வென்றார்கள். தவணை நீட்டிக்கப்பட்டு அபூபக்ர் (ரலி) வென்றதாக வேறு அறிவிப்புகளும் உண்டு. பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன் நடந்தது இது என்று அந்தத் திர்மிதி அறிவிப்பே சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். வஹீயின் மூலம் உறுதியாகத் தெரிந்த செய்தியிலேயே தவணை தவறியதால் பொருள் போனதாக ஓர் அறிவிப்பு வருகிறது. அந்த அளவு உறுதியான அறிவு உள்ளவருக்கும் பிற்காலத்தில் அந்த வாசல் மூடப்பட்டது. அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு 'எனக்குத் தெரியும்' என்பவருக்கு அது எப்படித் திறக்கும்?

நாட்டின் சட்டம்

தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'ப்ரோபோ' போன்ற செயலிகள் பணம் கட்டும் ஆட்டத்தை நிறுத்தின. அந்த மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. அதனால் 'எனக்கு வழக்கு வராது' என்று ஒரு பிள்ளை நினைக்கலாம். வீட்டுப் பணம் போனது போனதுதான். மறுமையின் விசாரணையும் இருக்கிறது.

கணிக்கவே கூடாதா?

கூடும். நாளை என்ன சம்பாதிப்போம் என்பது எவருக்கும் தெரியாது என்கிறது 31:34. ஆனால் அடையாளங்களை வைத்து மழை வரும் என்று சொல்வது மறைவான ஞானத்தை உரிமை கோருவதாகாது. அரசியலும் அப்படித்தான். செய்தியில் '70 சதவீதம்' என்று வந்தால், பத்தில் மூன்று முறை அது நடக்காது என்று பொருள். இதைப் பிள்ளைகளோடு பேசலாம். காசில்லாமல் கணித்து, காரணத்தை எழுதி வைத்து, பிறகு சரிபார்க்கச் சொல்லலாம். அது நல்ல படிப்பு. கூடவே, அவர்கள் கைப்பேசியில் யுபிஐ கணக்கிலிருந்து பத்து, இருபது ரூபாயாக எங்கே போகிறது என்றும் பெற்றோர் பார்க்க வேண்டும். பெரும் கடன்கள் சிறு தொகைகளில்தான் தொடங்குகின்றன.

உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். அதில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு மதீனாவில் மக்களின் கருத்தைக் கேட்டார்கள். அதன் பிறகே உஸ்மான் (ரலி) அவர்களின் பெயர் முடிவானது. சிதறிக் கிடக்கும் கருத்தைத் திரட்டும் வேலைதான் அதுவும். அங்கே எவரும் எவரிடமும் பந்தயப் பணம் வாங்கவில்லை.

ஒரு தலைவர் விலகுவாரா, இறப்பாரா என்பதில் நம் பணம் இருந்தால், மனம் அந்த முடிவையே விரும்பத் தொடங்கும். நாட்டுக்கு எது நல்லது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பையும் எண்ணத்தையும் ஹலாலான வழியில் காப்பானாக. ஆமீன்.