ஸ்டீல் டங் டிரம்மை வீட்டிலேயே ரெக்கார்ட் பண்றது எப்படி?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. ஆசையா வாங்கின ஸ்டீல் டங் டிரம், நேர்ல கேட்டா கோயில் மணி மாதிரி நீளுதாம். போன்ல பதிவு பண்ணா எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் தட்டின மாதிரி இருக்காம். "வித்துடட்டுமா?"ன்னு கேட்டிருந்தாங்க. வேண்டாம்ங்க. அவங்க அனுப்பின பதிவைக் கேட்டேன், டிரம் நல்லாத்தான் இருக்கு.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். 2000-ல சுவிட்சர்லாந்தோட பெர்ன் நகரத்துல பான்ஆர்ட் நிறுவனம் உருவாக்கினது 'ஹாங்'. ஹேண்ட்பேன் அந்த வழியில வந்தது. டங் டிரம் வேற வழி. 2007-ல அமெரிக்காவுல டென்னிஸ் ஹவ்லீனா ஒரு புரொப்பேன் கேஸ் சிலிண்டர்ல நாக்கு நாக்கா வெட்டி ஒண்ணு செஞ்சார். நாக்கு நீளமானா சுருதி இறங்கும், அவ்வளவுதான்.

அந்த நாக்கைத் தட்டினா 'டக்'னு ஒரு சத்தம், கண் சிமிட்டுற நேரம்தான். அதுக்கப்புறம் பல விநாடி ரீங்காரம் ஓடும். பக்கத்து நாக்குங்களும் சேர்ந்து லேசா அதிரும். நமக்குப் பிடிச்சதே அந்த வால் பகுதிதான். போன் அதைத்தான் கடிச்சுத் துப்புது! ஏன்னா அது பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. 'டக்' கேட்டதும் ஆட்டோ கெயின் அளவைக் குறைச்சுடும். அப்புறம் இரைச்சல் நீக்கும் வசதி வரும். மாறாம ஒரே மாதிரி ஒலிக்கிற எதையும் அது ஏசி சத்தம்னு நினைச்சு வெட்டும். ரீங்காரமும் அப்படித்தானே ஒலிக்குது?

அதனால மைக் வாங்கக் காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி, இந்த ரெண்டையும் அணைக்க விடுற ரெக்கார்டிங் ஆப் ஒண்ணு தேடுங்க. கெயினைக் கையால வைங்க: நீங்க வாசிக்கிறதுலயே பலமான அடி மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிக்கணும். மைக் ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் சாய்வா இருக்கட்டும். ரொம்பக் கிட்ட வெச்சா ஒரு நாக்கு கத்தும், மத்ததெல்லாம் முணுமுணுக்கும். டிரம்முக்கு அடியில மடிச்ச துண்டு போடுங்க. வெறும் மேஜைன்னா அதுவும் சேர்ந்து அதிரும்.

அடுத்து ஃபேன். காத்துச் சத்தம் ஒரு பிரச்சினைன்னா, இறக்கைகள் இன்னொண்ணு. ரீங்காரம் சுத்துற இறக்கையில பட்டுத் திரும்பும்போது 'வா-வா-வா'ன்னு ஆடும். வைப்ரஃபோன்ல குழாய் வாயில தகடு சுத்தவிட்டு வேணும்னே இதே மாதிரி ஆட்டத்தைக் கொண்டுவருவாங்க. நமக்கு அது வேணாம். சென்னை மே மாசத்துல ஃபேன் இல்லாம உக்காரச் சொல்றது கொடுமைதான், தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல பண்ணுங்க. குக்கர் விசில், ஹாரன் தொல்லையும் குறையும். கையால வாசிச்சா பக்கத்து ஃப்ளாட்டுக்கும் அவ்வளவா கேட்காது.

வாசிச்சு முடிச்சதும் உடனே ஸ்டாப் அமுக்காதீங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பத்து விநாடி காத்திருங்க. எடிட்லயும் அந்த வாலை வெட்டாதீங்க.

இப்ப என்னோட டிரம். முதல்ல ஃபேன் ஓடும்போது, அடுத்தது நிறுத்திட்டு. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுக் கேளுங்க.

[ஒலித்துணுக்கு]