எலும்பு வெளியே தெரியும் கணுக்கால் முறிவு

கடத்தூரிலிருந்து பொம்மிடிக்கோ தருமபுரிக்கோ இருசக்கர வண்டியில் செல்லும் ஒருவர் சறுக்கி விழுகிறார். பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. கணுக்காலின் உட்புறத்தில் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிகிறது. சுற்றி நிற்போர் நல்லெண்ணத்தோடு பாதத்தைப் பிடித்து நேராக்க முனைவர். காயத்தில் மஞ்சளோ காப்பித்தூளோ வைத்து அழுத்துவர். இவ்விரண்டும் பின்னாளில் அந்தக் காலுக்கே தீங்காக முடியலாம்.

உங்கள் உட்கணுக்காலை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு தட்டுப்படும். இடையில் தசை இல்லை. பாதம் வெளிப்புறமாக முறுக்கிக்கொள்ளும்போது இந்த மெல்லிய தோல்தான் பெரும்பாலும் கிழிகிறது. தோல் கிழிந்ததும் சாலைப் புழுதியும் வயல் மண்ணும் சாணமும் எலும்பு வரை செல்ல வழி திறந்துவிடுகிறது. ஆகவே திறந்த முறிவில் மருத்துவர் முதலில் அஞ்சுவது எலும்பு உடைந்ததைக் காட்டிலும், அங்கே நுழையும் கிருமிகளையே. எலும்பில் சீழ் பிடித்தால் ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும்.

செய்ய வேண்டியவை சிலவே. தூய துணியால் காயத்தை மூடி, இரத்தம் கசிந்தால் எலும்பின்மேல் அழுத்தாமல் சுற்றியுள்ள பகுதியில் அழுத்துங்கள். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். வீக்கம் ஏறுமுன் கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள். இருந்த நிலையிலேயே காலுக்கு இருபுறமும் தலையணையோ அட்டையோ வைத்துக் கட்டி, 108-ஐ அழையுங்கள். அறுவை தேவைப்படும் என்பதால் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம்.

காலை அசையாமல் எடுத்துச் செல்வதன் அருமையைத் தன் உடம்பிலேயே அறிந்தவர் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். 1756-இல் குதிரையிலிருந்து விழுந்து அவரது காலெலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தது. அவர் தம்மைத் தூக்க விடாமல், ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து அதன்மேல் படுத்தே வீடு சேர்ந்தார் என்பர். காலை வெட்டியெடுக்க ஏற்பாடு ஆனபோது, அவருடைய ஆசிரியர் வந்து பார்த்துக் காலைக் காப்பாற்றினார். கணுக்கால் முறிவு ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

மருத்துவமனையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைக் கூடியவரை ஒரு மணி நேரத்துக்குள் செலுத்துவர். வில்வாத நோய்த் தடுப்பூசியும் உண்டு. திரும்பிய பாதத்தை மருத்துவர் நேராக்கி இரத்த ஓட்டத்தைச் சோதிப்பார். பின்னர் மயக்க மருந்து கொடுத்து, உப்பு நீரால் காயத்தைக் கழுவி, இறந்த திசுக்களை வெட்டி அகற்றுவர். காயம் தூய்மையாக இருந்தால் அப்போதே தகடும் திருகும் பொருத்தலாம். வீக்கமும் அழுக்கும் மிகுந்திருந்தால், தோலுக்கு வெளியே கம்பிச் சட்டம் அமைத்துக் காத்திருப்பர். அச்சட்டத்தைப் பார்த்து உறவினர் கலங்குவதைப் பலமுறை காண்கிறோம். அது பெரும்பாலும் தற்காலிகமானதே. தோல் பற்றாதவிடத்து உடலின் வேறு பகுதியிலிருந்து தசையோ தோலோ எடுத்து மூடுவதும் உண்டு.

“காலை எடுத்துவிடுவார்களா?” என்பதே குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. கணுக்கால் முறிவுகளில் மிகச் சிலவற்றுக்கே அந்த நிலை வரும். கடுமையாக நசுங்கிய காலெலும்புக் காயங்களில் இதை முடிவு செய்ய உதவும் மதிப்பெண் முறையொன்றைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் மருத்துவர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் உருவாக்கி 2006-இல் வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தோடு நோயாளியின் பிற நோய்களையும் அது கணக்கில் கொள்கிறது. 14-க்குள் இருந்தால் காலைக் காக்க முயல்வர். 17-ஐத் தொட்டால் இழக்க நேரும் வாய்ப்பு மிகுதி. இடைப்பட்டவற்றில் மருத்துவரின் அனுபவமே துணை.

செலவை எண்ணித் தாமதிக்க வேண்டாம். சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 முதல் நடைமுறையில் உள்ளது.

வீடு திரும்பியபின் காலை இதய மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். புகைப்பவர்கள் அதை நிறுத்தியே ஆகவேண்டும். புகை எலும்பு கூடுவதைத் தடுக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருத்தல் வேண்டும். வலி குறைந்துவிட்டது என்பதற்காக மருத்துவர் சொல்லுமுன் காலை ஊன்றாதீர்கள். கட்டை மாற்ற நாட்டு வைத்தியரிடமும் செல்லாதீர்கள். காய்ச்சல், காயத்தில் நாற்றம் அல்லது சீழ், விரல்கள் மரத்துப்போதல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.