140க்குப் பின்னால் ஒரு கூத்து!

கட்டுகஸ்தோட்டையோ கம்பளையோ, கண்டிப் பக்கத்துக் கிளினிக்கின் முன்பக்கம் நமக்குத் தெரிந்ததுதான்: விடியக்காலை வரிசை, நம்பர் துண்டு, கசங்கிய கிளினிக் கொப்பி. வாங்க, இன்றைக்குப் பின்பக்கம் போவோம். ‘பிரஷர் கட்டுப்பாட்டில் உள்ளோர் இத்தனை சதவீதம்’ என்ற எண் தயாராகும் இடம் அதுதான்!

முதல் வேடிக்கை பூச்சியம். கையால் எழுதிய பிரஷர் அளவுகளை வரைபடமாக்கினால் 120, 130, 140 போன்ற இடங்களில் மட்டும் கம்பங்கள் எகிறி நிற்கும். இரத்தத்துக்கா பூச்சியத்தின் மேல் இந்த மோகம்? எழுதும் கைக்கு! உலகெங்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் கட்டுப்பாட்டின் எல்லைக்கோடே 140 ஆச்சே, அதற்குக் கீழே இருந்தால்தான் வெற்றி! 138ஐ 140 ஆக்கினால் ஒரு ‘வெற்றி’ காணாமல் போகும்.

அடுத்தது இன்னும் குறும்பு. மேடேறி மூச்சிரைக்க வந்த ஒருவருக்கு இன்று 180. அடுத்த மாதம் 160. குளிசை வேலை செய்துவிட்டதா? செய்திருக்கலாம். ஆனால் மிக உயர்ந்த அளவுள்ளவர்களை மட்டும் பொறுக்கி மறுபடி அளந்தால், குளிசையே இல்லாமலும் சராசரி கொஞ்சம் இறங்கும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரிப் பக்கம் இறங்குவதை வைத்து பிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதிய அதே சங்கதி! அதனால்தான் ஒப்பிட இன்னொரு குழு வேண்டும்.

இப்போது உச்சக்கட்டம். 100 பேர் பதிந்தார்கள் என்று வையுங்கள். 60 பேர் திரும்பி வந்தார்கள். அவர்களில் 45 பேருக்குக் கட்டுப்பாடு. வந்தவர்களில் 75 சதவீதம், பதிந்தவர்களில் 45! இரண்டும் சரியான கணக்கே. வராத 40 பேர் எங்கே? சிலர் தனியாரில் சனல் பண்ணியிருக்கலாம், சிலர் பெரியாஸ்பத்திரிக்கு மாறியிருக்கலாம், சிலர் குளிசையையே விட்டிருக்கலாம். பெரஹராவுக்கு வீதி மூடியதால் பஸ் கிடைக்காதவரும் இருக்கலாம்.

2011 முதல் நாடெங்கும் திறந்த ‘ஹெல்தி லைஃப்ஸ்டைல்’ நிலையங்களிலும், யார் வரவில்லை என்ற இதே புதிர். வயது, புகைத்தல், பிரஷர், சீனி எல்லாவற்றையும் வண்ண அட்டவணையில் வைத்து, பத்து ஆண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைச் சொல்கிறார்கள். ஆனால் வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு ஐயாமார் பலர் கணக்கிலேயே இல்லை!

ஆளுக்கொரு சுகாதார இலக்கம் எல்லா ஆஸ்பத்திரிகளையும் இணைத்தால், காணாமல் போனவர்களில் பலர் அகப்படுவார்கள். அதுவரை ‘75 சதவீதம் வெற்றி’ என்று யாராவது சொன்னால் தாராளமாகக் கைதட்டுங்கள். தட்டிக்கொண்டே கேளுங்கள்: “எத்தனை பேரில், டொக்டர்?”